மிச்சம் மீதி என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளிநாட்டு ராக் பேண்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'பெரிய பேண்டில் விலைபோகாத பாட்டுகளை வைத்து ஓய்வு நேரத்தில் ஒப்பேற்றுவதுதான் சைட் ப்ராஜெக்ட்' என்று, பேண்டில் இருப்பவர் தனியாக நடத்தும் இன்னொரு குழுவைப் பற்றி அதில் ஒரு வரி. எழுதியவர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பென் கிப்பர்ட் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெத் கேப் ஃபார் க்யூட்டி என்ற அமெரிக்க பேண்டின் பாடகர். அவர் சியாட்டிலில், எலக்ட்ரானிக் இசை செய்யும் ஜிம்மி டாம்பொரெல்லோ லாஸ் ஏஞ்சலிஸில். ஒலிப்பதிவைத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பி, அதனாலேயே 'தி போஸ்டல் சர்வீஸ்' என்று பெயர் வைத்து, 2003இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். 10 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அமெரிக்கத் தபால் துறை பெயரை எதிர்த்து நோட்டீஸ் அனுப்பி, பிறகு சமாதானமாகி, தன் இணையதளத்திலேயே அந்த ஆல்பத்தை விற்ற கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதே 2003இல்தான் டெத் கேப்பின் 'டிரான்ஸ்அட்லாண்டிசிசம்' ஆல்பமும் வந்தது. 2023இல் இந்த ரெண்டு ஆல்பத்தையும் ஒரே மேடையில் முழுசாக வாசித்து ஊர் ஊராகப் போனார்கள், ஒரே ராத்திரியில் ரெண்டு பேண்டுக்கும் அந்த மனிதர்தான் பாடினார். இதில் எது மிச்சம், எது மீதி?

கிம் டீல் விஷயத்தில் தகவலே தப்பு. அவர் இருந்த பிக்ஸீஸ் பேண்ட் கலைந்த பிறகு தி ப்ரீடர்ஸ் என்ற பேண்டைத் தொடங்கினார் என்று போட்டிருக்கிறீர்கள். ப்ரீடர்ஸின் முதல் ஆல்பம் 1990இலேயே வந்துவிட்டது. அப்போது பிக்ஸீஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கலைந்தது 1993இல். பிக்ஸீஸில் பாட்டெல்லாம் பெரும்பாலும் அதன் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் எழுதுவது, பேஸ் கிடார் வாசித்த கிம் டீலுக்குப் பாட எப்போதாவதுதான் இடம். அப்படியிருக்க, அவர் தன் பாட்டை எங்கே கொண்டுபோய்ப் பாடுவார்? த்ரோயிங் மியூசஸ் என்ற பேண்டில் கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்த டானியா டொனெல்லியோடு சேர்ந்தார். ஓய்வு நேரம் கிடைத்ததால் அல்ல, இருந்த இடத்தில் வாய் திறக்க வழியில்லாததால்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் பேஸ் கிடார்தான். குன்னூரில் ஒரு லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தேன். கல்யாணம், எஸ்டேட் கோயில் திருவிழா, சீசன் டைமில் ஹோட்டல் புரோகிராம். என் சொந்த மெட்டு ஒன்றை ரிகர்சலில்கூட வாசிக்க விட்டதில்லை. எங்கள் டிரம்மர் வேலைக்கு மேட்டுப்பாளையம் போன பிறகு நாங்கள் ரெண்டு பேரும் தனியாகப் பாட்டு செய்ய ஆரம்பித்தோம். எஸ்டேட்டில் பெரிய ஃபைல் போகிற அளவுக்கு சிக்னல் கிடையாது, பென் டிரைவைக் காகிதத்தில் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன், டிரம்மர் கீழே ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வார். என் அறைக்குத் தகரக் கூரை, மழை பெய்தால் மைக்கில் மழைதான் கேட்கும். ஜூன், ஜூலையில் ராத்திரி மழை விடும்வரை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, விட்ட இடைவெளியில் ஒரு சரணம் பதிவு செய்வேன். இது ஆர்கெஸ்ட்ரா முதலாளி காதுக்குப் போனதும் 'ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காதே' என்றார். அடுத்த சீசனில் ஒரு புரோகிராமுக்கும் கூப்பிடவில்லை. ரிகர்சலுக்கு ஒரு நாள் லேட்டாகப் போனவன் இல்லை நான். அவர் சொன்னதையேதான் நீங்கள் அச்சில் போட்டிருக்கிறீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. ரேடியோஹெட் பேண்டின் தாம் யார்க்கும் ஜானி கிரீன்வுட்டும் டிரம்மர் டாம் ஸ்கின்னரோடு சேர்ந்து தி ஸ்மைல் என்ற பேண்டைத் தொடங்கியபோது 'ரேடியோஹெட்டைக் கைவிட்டார்கள்' என்று தலைப்பு வைத்தீர்கள். 2022இலிருந்து 2024க்குள் ஸ்மைல் மூன்று ஆல்பம் போட்டது, ஒன்றுக்கும் விமர்சனம் வரவில்லை. 2025 நவம்பரில் ரேடியோஹெட் மறுபடி மேடையேறியபோதும் ஒரு வரி இல்லை. நம் நாட்டுக்கே வாருங்கள். டெல்லியின் 'பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி' என்ற பேண்டில் ஆங்கிலத்தில் பாடும் சூர்யகாந்த் சாஹ்னி, 'லிஃபாஃபா' என்ற பெயரில் தனியாக இந்தியில் பாடுகிறார். அதைப் பற்றி நம் பத்திரிகையில் நான் இதுவரை படித்ததில்லை. ஒவ்வொரு மே மாதமும் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டிக்கு ஆள் அனுப்புகிறீர்கள், இ-பாஸ் வரிசையைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள், இங்கே கோத்தகிரியிலும் கேத்தியிலும் சொந்தமாகப் பாட்டெழுதி வாசிக்கிற பிள்ளைகளை ஒருவரும் வந்து பார்த்ததில்லை. முன்பு இதை எழுதினேன், வாழ்த்துச் சொன்ன வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டீர்கள். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: ப்ரீடர்ஸின் முதல் ஆல்பம் 1990, பிக்ஸீஸ் கலைந்தது 1993. அப்புறம், அந்தப் பிக்ஸீஸ் படத்துக்குக் கீழே பிளாக் ஃபிரான்சிஸ் பெயரைப் போட்டுவிட்டு 'மற்றும் குழுவினர்' என்று முடித்திருக்கிறீர்கள். கிம் டீல் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருஷ வாசகன்,
குன்னூர், நீலகிரி.