செசபீக் ஏரி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவைப் பற்றிய சென்ற இதழின் பயணக் கட்டுரை, அந்த நீர்ப்பரப்பை ஏரி போன்றது, யாரும் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக் கிளம்பிவிடலாம் என்கிறது. நம்பிப் போகிறவர்கள் சேற்றில் நிற்பார்கள்.

சுமார் 320 கி.மீ. நீளமுள்ள அந்த விரிகுடாவின் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்கூட இல்லை. ஆழமில்லாத நீரில் காற்று ஏறினால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அடிக்கும். நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடினால் இன்னும் மோசம். எனவே படகு எடுக்கும்போது எத்தனை படுக்கை என்று கேட்பதற்கு முன், அது நீருக்குள் எவ்வளவு அமிழும் என்று கேளுங்கள். ஒன்றரை மீட்டருக்குள் என்றால் உள் ஓடைகளில் ஓரளவு நிம்மதியாக நுழையலாம்.

விரிகுடாவின் மேற்குக் கரை நகரமான அன்னாபொலிஸில் ஏற்றவற்றம் ஓர் அடி அளவுதான். தரைதட்டிவிட்டுப் பெருக்குக்காகக் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. இலையுதிர்காலத்தில் வடமேற்குக் காற்று சில நாட்கள் விடாமல் அடித்தால் விரிகுடாத் தண்ணீரையே கடல் பக்கம் தள்ளிவிடும். வரைபடத்தில் போட்ட ஆழம் அன்று இருக்காது.

தரைதட்டியதும் பாயை இறக்குங்கள். இன்ஜினை முறுக்கிப் பின்னுக்கு இழுத்தால், உந்தி (புரொபெல்லர்) கிளப்பும் சேறு, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டியை அடைத்து இன்ஜின் சூடேறி நின்றுவிடும். சிறு தோணியில் நங்கூரத்தை ஏற்றிப் போய், வந்த திசையிலேயே ஆழமான இடத்தில் போட்டு, கயிற்றை வின்ச்சில் (கயிறிழுக்கும் உருளையில்) சுற்றி இழுக்க வேண்டும். எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்றால் படகு சாய்ந்து, அதன் அடியில் நீண்டிருக்கும் அடிக்கட்டை சற்று எழும்.

இரவில் நங்கூரமிட்டுத் தங்கும் இடத்திலும் அதே சேறுதான் அடிமண். மூன்று மீட்டர் ஆழம், படகு முகப்பின் உயரம் ஒரு மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி வரும் நான்கை ஏழால் பெருக்கி 28 மீட்டர் கயிறு விடுங்கள். நங்கூரம் சேற்றில் அமிழக் கொஞ்ச நேரம் கொடுத்த பிறகே மெதுவாகப் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கூழை உழுதுகொண்டு வந்துவிடும்.

கட்டுரையில் நண்டுக் கூண்டுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது ஆச்சரியம். கோடையில் விரிகுடா நெடுக அவற்றின் மிதவைகள்தான். அந்தக் கயிறு உந்தியில் சுற்றினால் உடனே நியூட்ரலுக்கு வந்து இன்ஜினை அணையுங்கள். பின்னோக்கிச் சுழற்றினால் இன்னும் இறுகும். பல்லுள்ள கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அறுக்க நீரில் இறங்குபவருக்கு ஜூலை, ஆகஸ்டில் கொட்டும் சொறிமீன்கள் காத்திருக்கும்.

அதே மாதங்களின் பிற்பகல்களில் மேற்கிலிருந்து இடிமழை சட்டென்று வரும். கறுப்பு மேகம் தலைக்கு மேல் வந்தபின் பாயைக் குறைப்பது தாமதம். செப்டம்பர், அக்டோபரே நல்ல பருவம்.

இந்தியாவில் படகு ஓட்டக் கற்றவர்களுக்கு ஒரு சொல்: கடலிலிருந்து உள்ளே வரும்போது நமக்கு இடப்பக்கம் வரும், வழிகாட்டும் சிவப்பு மிதவை, அமெரிக்காவில் வலப்பக்கம்.

அன்னாபொலிஸிலிருந்து கிழக்குக் கரை ஊரான செயின்ட் மைக்கேல்ஸுக்கு ஒரே பகலில் போய்த் திரும்பலாம் என்ற கட்டுரையின் யோசனையும் சரிவராது. கென்ட் தீவின் தென்முனையைச் சுற்றி, மைல்ஸ் ஆற்றில் ஏறிப் போக ஏறக்குறைய 25 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் போகவே ஐந்து மணி நேரம். ஓர் இரவு தங்குங்கள். கிளம்புமுன் அன்னாபொலிஸ் படகுத்துறையிலிருந்து சில நிமிடம் நடந்து, 1783 டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் படைத் தலைமையைத் துறந்த அரசு மாளிகையையும் பார்த்துவிடலாம்.

அதே கிழக்குக் கரையிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டை விட்டுவிட்டதுதான் பெரிய குறை. கடைத்தெருக் கூட்டமுள்ள செயின்ட் மைக்கேல்ஸைவிட அது அமைதியான ஊர். அங்கிருந்து ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள பெல்வியூவுக்கான படகுச் சேவை 1683இல் தொடங்கியது. ராபர்ட் மோரிஸ் என்ற புகையிலை வணிகர், தமக்கு மரியாதையாகக் கப்பலில் சுட்ட பீரங்கியின் அடைப்புத் துண்டு பட்டு 1750இல் இறந்ததும் இவ்வூர்க் கதைதான். அவர் மகனே அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் திரட்டியவர். செயின்ட் மைக்கேல்ஸிலிருந்து சாலையில் பக்கம்தான் என்றாலும், நீர்வழியில் ஒரு பகல் ஆகிவிடும். வழியிலுள்ள டில்மன் தீவின் நாப்ஸ் நேரோஸ் என்ற குறுகிய கால்வாயில், தூக்குப்பாலம் வழியே போனால் தூரம் குறையும். ஆனால் அதன் மேற்கு வாயில் அடிக்கடி தூர்ந்துபோகும். அன்றைய ஆழத்தை உள்ளூர்ப் படகுத்துறையில் கேட்டுவிட்டு நுழையுங்கள். சந்தேகமென்றால் தீவின் தென்முனையைச் சுற்றிப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேரிலாந்து