ஜூலை 25, ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 15: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

இந்த மாதம் 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நம் நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுகிறார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் ஆகஸ்ட் 15, கிராம சபை. மூன்றும் அடுத்தடுத்து வருவதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. படிக்க நேரமில்லாதவர்களுக்கு வீட்டில் மூத்த பிள்ளை வாசித்துக் காட்டட்டும்.

முதலில் ஆகஸ்ட் 1. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை, ஆனால் கணக்கில் அது ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் இருக்கும் ஆசிரியரையே உபரி என்று காட்டிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். "டீச்சரை ஏன் மாத்திட்டாங்க?" என்று டிசம்பரில் கேட்கும் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஜூலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பள்ளி மானியமும் இப்படித்தான்: 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000.

ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் நம் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்த் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள். வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) பட்டியலிலேயே கிடந்தால், நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பிள்ளை கணக்கில் வராது. பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் இங்கே ஏற்ற முடியும். கட்டண பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள் என்று சொல்லிச் சிலர் சேர்க்கவே தயங்குகிறீர்கள். சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெயரை விடுவிப்பதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக எழுதுவது என் வேலை. ஜூலை 25க்குள் வந்தால் அதற்கு நேரம் இருக்கும். ஆகஸ்ட் மாதம் வந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம், ஆனால் ஆசிரியர் கணக்கு அதற்குள் முடிந்திருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பிள்ளையை வெளியே சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து என்ன பள்ளி என்பதைப் பார்க்கின்றன. நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பினாலும் சிக்கல்தான். முடிவு உங்களுடையது, தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி 25ஆம் தேதிக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமைந்த குழு இது. முக்கால் பங்கு பெற்றோரும் பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வந்த பணம் எதற்குச் செலவானது என்று கேட்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை இந்தக் குழுவின் சட்டப்படியான வேலைகள். ஆகவே கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டால் எனக்கு வருத்தம் வராது. கூட்டத்தன்று வரவுசெலவு நோட்டும் ரசீதுகளும் மேசை மேல் இருக்கும்.

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பள்ளியைப் பற்றி நிறையப் பேச்சு ஓடுகிறது. அதில் முக்கால்வாசி நியாயமானதும்கூட. ஆனால் தீர்மான நோட்டில் ஏறாத பேச்சை எந்த அலுவலகத்துக்கும் கொண்டுபோக முடியாது. நோட்டில் ஏறியும் பயன் இல்லாமல் போவது உண்டு. "கழிப்பறை சரியில்லை, சரிசெய்ய வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால், படிக்கும் அதிகாரிக்கு என்ன புரியும்? கட்டடம் இடிந்துவிட்டதா, தண்ணீர் இல்லையா, கழுவ ஆள் இல்லையா? மூன்றுக்கும் மூன்று வேறு இடத்தில் பணம் இருக்கிறது. அதையே இப்படி எழுதலாம்: "பெண் பிள்ளைகள் கழிப்பறையில் 4 கதவுகளில் 2க்கு உள்தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டியில் காலை 9 மணிக்கு நிரப்பும் தண்ணீர் 11.30 மணி இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. இரண்டு மாதமாக இந்த நிலை. தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்தில் ஒரு வாரத்தில் போடுவது. கூடுதல் தொட்டிக்கு ஊராட்சியைக் கேட்பது. பின்தொடர இன்னார் பொறுப்பு." என்ன, எங்கே, எத்தனை, எவ்வளவு நாளாக, யாரிடம் கேட்கிறோம், யார் பின்தொடர்வது என்ற ஆறும் இருந்தால் தீர்மானம் நடக்கும். கூட இரண்டு புகைப்படம். நான் பார்த்தவரை அதிகம் விட்டுப்போவது கடைசி விஷயம். பொறுப்பாள் பெயர் இல்லாத தீர்மானம் அடுத்த மாதம் அதே வரியாகத் திரும்பி வருகிறது.

எதை யாரிடம் கேட்பது என்ற குழப்பத்திலும் மாதங்கள் போய்விடுகின்றன. தாழ்ப்பாள், குழாய், மின்விசிறி, கரும்பலகைப் பூச்சு, துடைப்பம் போன்றவை பள்ளி மானியம். அதில் பத்தில் ஒரு பங்கையாவது சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும். சுற்றுச்சுவர், கூரை, புது வகுப்பறை எல்லாம் ஊராட்சி ஒன்றியம். அங்கே போகும்போது சுவரின் நீளத்தை மீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும், அளவு இருந்தால்தான் பொறியாளர் மதிப்பீடு போடுவார். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் இணைப்பு ஊராட்சி. ஆசிரியர் காலியிடம் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மேலே போக வேண்டும். பேருந்து நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர். "பஸ் லேட்டா வருது" என்று மட்டும் எழுதினால் போதாது. தடம் எண், வந்துசேரும் நேரம், முதல் மணி அடிக்கும் நேரம், அதில் வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதோடு இரண்டு வாரத்துக்கு வந்த நேரத்தைக் குறித்த தாள் ஒன்றும் வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தாளை அழகாகக் குறித்துத் தருவார்கள்.

குடிநீர்த் தொட்டிக்குக் காசே தேவையில்லை, ஒழுங்குதான் வேண்டும். 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தொட்டியை இறக்கிக் கழுவுவது என்று வைத்துக்கொள்வோம். ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே தேதிகள்தான் வழக்கம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கத் திறக்க வேண்டும். திறந்து கிடக்கும் பொட்டலத்தில் காரம் போய்விடும். மூடிவைத்த புதுப் பவுடராக இருக்கட்டும். வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் குடிக்காமல் வந்தால், பெரும்பாலும் அளவு கூடிப்போயிருக்கும். இதற்கு மாதம் இரண்டு பெற்றோர் முறை வைத்து வந்தால் போதும்.

கூட்டம் கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆள் வராத நாளில் நோட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குவது முதலாவது. நம் பள்ளியில் அது நடக்காது. வந்தவர்கள் பெயர் மட்டுமே நோட்டில் இருக்கும். அடுத்தது, தலைவியாக இருக்கும் அம்மாவுக்குப் பதில் அவர் வீட்டுக்காரர் பேசுவது. குழுத் தலைவராக ஒரு தாயை வைத்ததற்குக் காரணம் உண்டு. கழிப்பறைக் கதவு, மதியச் சாப்பாடு, மாலை தனியாக நடந்து வரும் வழி இவற்றை முதலில் கவனிப்பவர் அவர்தான். அவரே பேசட்டும், தயங்கித் தயங்கிப் பேசினாலும் காத்திருப்போம். எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே வரிசை. எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று பார்த்து நாற்காலி போட மாட்டோம். நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்கள் 3 மணிக்கு வர முடியாமல் போகலாம். உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம், பேசலாம். வர முடியாதவர்கள் கீழே உள்ள சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தால் அதை நானே கூட்டத்தில் வாசித்துவிடுவேன்.

ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் மதிப்பெண், வீட்டுச் சூழல், உடல்நிலை இவற்றைக் கூட்டத்தில் எடுக்க வேண்டாம். மாலை 4.15க்கு மேல் என் அறைக்கு வாருங்கள். ஆசிரியர் மீது குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள், நான் நடவடிக்கை எடுக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளையை அடிப்பதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. "நாலு போடு போடுங்க சார்" என்று யாரும் அன்போடுகூடச் சொல்ல வேண்டாம். பாலியல் சீண்டல் பற்றிய சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் அதை ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடிப்பது குற்றம். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், நானும்தான். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்நேரமும் அழைக்கலாம். கல்வி பற்றிய ஐயங்களுக்கு 14417.

25ஆம் தேதி எழுதும் தீர்மானங்களில் ஊராட்சி செய்ய வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி, 15ஆம் தேதிக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுவோம். கூட்டம் நடக்கும்போது எழுந்து வாய்வார்த்தையாகச் சொன்னால் சத்தத்தில் போய்விடும். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல், பத்துப் பேராவது அப்படியே கிராம சபைக்கு வர வேண்டும். பள்ளிக்காகப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே பேச்சு மாறும்.

பிள்ளைகளுக்குப் பள்ளி மேல் பற்று வரச் செய்யும் வேலையும் இருக்கிறது. மகிழ் முற்றம் என்ற மாணவர் அணித் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள். குலுக்கல் முறையில் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்தாகப் பிரிப்போம். "என் பிள்ளையையும் அவன் சித்தப்பா பையனையும் ஒரே அணியில் போடுங்கள்" என்ற கோரிக்கையை ஏற்க முடியாது. தெருப் பிள்ளைகள் தெருப் பிள்ளைகளோடு மட்டும் சேரும் பழக்கத்தை உடைக்கத்தான் குலுக்கல். எட்டாம் வகுப்பு அக்காவும் ஒன்றாம் வகுப்புத் தம்பியும் ஒரே முல்லையில் இருந்தால், அந்தத் தம்பி அழுதுகொண்டே நின்றாலும் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் இருக்கும். வருகை, தூய்மை, நூலகப் புத்தகம் திருப்பித் தருதல் எல்லாவற்றுக்கும் அணிக்குப் புள்ளி. கையில் சாதி அடையாளக் கயிறு கட்டி அனுப்பாதீர்கள். அணி நிறம் ஒன்று போதும்.

ஆண்டு விழாவுக்கு வாடகை உடை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாட்டுக்கு உடை வாடகை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை "எனக்கு ஆட விருப்பம் இல்லை" என்று பொய் சொல்லும். சீருடை, மேலே அணி நிறத்தில் ஒரு துண்டு, காகிதக் கிரீடம் போதும். எட்டு வகுப்புக்கும் தலா 8 நிமிடம், எல்லாப் பிள்ளையும் ஒருமுறையாவது மேடை ஏற வேண்டும். விருந்தினர் பேச்சு மூன்று நிமிடம், பொன்னாடைக்குப் பதில் நூலகத்துக்கு ஒரு புத்தகம். இரவு 7.30க்குள் முடித்தால் கைக்குழந்தையோடு வரும் அம்மாக்களும் கடைசி வரை இருப்பார்கள்.

கல்விச் சீர் கொண்டுவர இளைஞர்கள் கேட்டிருந்தீர்கள். மேளதாளத்தோடு தாம்பூலத் தட்டில் சீர் எடுத்து வருவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்துக்காகவே அதை வரவேற்கிறேன். சுவர்க் கடிகாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் மட்டும் வேண்டாம், அவை எல்லாப் பள்ளியிலும் குவிந்து கிடக்கின்றன. தேவைப்படுபவை: மூடியுள்ள 15 லிட்டர் வாளி 6, அதற்குக் குவளை 6, எவர்சில்வர் டம்ளர் 50, தமிழ் அகராதி 5, ஸ்கிப்பிங் கயிறு 20, சதுரங்க அட்டை 6, கோ-கோ கம்பம் 2. கம்பம் தரைக்கு மேல் 120 முதல் 125 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், ஆகவே குழிக்கும் சேர்த்து நீளமாக வாங்குங்கள். மேல்முனை மழுங்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் வேகமாக வந்து பிடித்துத் திரும்பும்போது கை கிழிந்துவிடும். பணமாகத் தர விரும்புகிறவர்கள் என் கையிலோ ஆசிரியர் கையிலோ தர வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கான 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவோ குழுவின் வங்கிக் கணக்கிலோ செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள சீட்டை வெட்டி 23ஆம் தேதி புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். பெயர் எழுத விருப்பமில்லை என்றால் வகுப்பு மட்டும் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

……………………………………………

வகுப்பு: ………… 
25ஆம் தேதி வருகிறேன் / வர இயலாது
நான் சொல்ல விரும்புவது (என்ன, எங்கே, எவ்வளவு நாளாக): ………………………………
இதைப் பின்தொடர நான் பொறுப்பேற்கிறேன்: ஆம் / இல்லை
தொட்டி கழுவ வர முடிந்த தேதி: 5 / 20