ஞாயிற்றுக்கிழமை போன்

பாம்பன்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கியது, ஜூன் 14 வரை படகு கரையில்தான். வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருக்கிறோம். கச்சான் காற்றில் வாசலெல்லாம் மணல். தம்பி புதுப் பாலம் தூக்குவதைப் பார்க்கப் போய்ப் போய் நிற்கிறான். வேறு விசேஷம் இல்லை.

நீ மூன்று வாரமாக ஞாயிறு மதியம் போன் செய்கிறாய். குரல் கேட்பது சந்தோஷம்தான். ஆனால் அந்த நேரத்தில் நீ கடையில் அல்லவா நிற்பாய்? பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், தம்பியிடம் ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அவன் என்னிடம் சொல்லவில்லை, என் போனில்தான் எடுத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஹாஸ்டலில் யாரையாவது ஒரு கடையில் வேலையை விட்டு நிறுத்தி, அவள் அதே மாதிரி வேறு கடைக்கு எழுதிப் போட்டால் அவளிடம் இதைச் சொல்லு. முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டாய் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். உண்மையை ஒரு வரியில் எழுதச் சொல். என்ன தப்பு நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறாள், அது போதும். பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம், அவர் செய்தது அநியாயமாகவே இருந்தாலும். வகுப்பு எப்போது, பரீட்சை எப்போது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வர முடியாத நேரத்துக்கெல்லாம் தலையாட்டக் கூடாது. வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்கச் சொல். கடையில் நிற்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. உன் கால் வீக்கத்தை நினைத்து அம்மா இதை எழுதச் சொன்னாள்.

நம் தெருவில் சென்னைக்குப் போய்ப் படித்துக்கொண்டே தம்பி டியூஷனுக்குப் பணம் அனுப்பிய பிள்ளை நீ ஒருத்திதான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் இதைச் சொல்லாத நாள் இல்லை. ஆனால் உனக்கு ஒரு கஷ்டம் என்றால் எங்களிடம் சொல்ல மனம் வராதா? நாங்கள் யாரோவா? பணம் வராதது பெரிதில்லை. இனி அனுப்பவும் வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும்.

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை பாப்பா.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனாளே, உன் ஃபீஸுக்காக என்று சொன்னேன். பொய். அந்த இரண்டு மாதமும் எனக்குப் படகே இல்லை. டிரைவராகப் போனவன் விடியற்காலையில் சுக்கானைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். வலை கடலடிப் பாறையில் மாட்டி மொத்தமும் போய்விட்டது. இனி வர வேண்டாம் என்றார் படகு முதலாளி சம்மாட்டி. ஊரெல்லாம் அவரைத்தான் குறை சொன்னேன். வேறு படகில் கேட்டபோது, நானாகத்தான் விலகினேன் என்றேன். பாம்பனில் எது மறையும்? வலை எல்லாருக்கும்தான் போகிறது, நீ பொய் சொன்னாயே என்று அவரே பின்னால் ஒரு நாள் கேட்டார்.

அதற்கப்புறம் யாரிடமும் வேலை கேட்கப் போகவில்லை. கடலுக்குப் போகிறவன் மாதிரி தூக்குச்சட்டியோடு கிளம்பி, குந்துகால் கரையில் கிடந்துவிட்டு மறுநாள் வருவேன். நீ வாசலில் நின்று "மீன் எங்கப்பா?" என்பாய். அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். ஒன்றும் கேட்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு கல்லில் பாசி பறித்தாள். அந்தக் கையைப் பார்க்க முடியாமல்தான் கடைசியில் இன்னொருவரிடம் போய், தூங்கிவிட்டேன், என் தப்பு என்றேன். டிரைவராக வேண்டாம், கூலியாளாக வா என்றார். போனேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பையன் சென்னைக்கு ரயில் ஏறும்போது கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு மதியமே போன் செய். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய் என்று எனக்குச் சொல்.

அப்பா