ஸ்பீக்கரைக் கடைசியில்தான் வாங்கினேன்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? உங்களைப் போலவே நானும் இங்கே சொந்தமாக ஒரு மைக் செட் சேர்ப்பதால், போன் பண்ணும்போதெல்லாம் "செட்டு முடிஞ்சுதா, எத்தனை வாட்ஸ்டா?" என்று கேட்கிறீர்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். தம்பியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவன் காதிலும் விழ வேண்டிய சங்கதிகள் இதில் இருக்கின்றன.

திங்கள் முதல் வெள்ளி வரை ஒலி சாதனங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. திரும்பி வரும் கேபிள்களைச் சோதித்து, பழுது பார்த்து, அடுத்த நிகழ்ச்சிக்கு லாரியில் ஏற்றுவது. சனி, ஞாயிறு என் சொந்த செட். படிப்பு முடித்தபின் கிடைத்த விசாவில் சொந்தத் தொழில் செய்யவும் அனுமதி உண்டு, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

செட் முடிந்துவிட்டது. குரலுக்கு இரண்டு டாப் பெட்டிகள், அடிநாதத்துக்கு இரண்டு சப் பெட்டிகள், பாதி மண்டபத்துக்கு அப்பால் வைக்க இன்னும் இரண்டு சின்னப் பெட்டிகள். இவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வாங்கினேன். முதல் காசு கரண்ட் பெட்டிக்குப் போனது. இங்கே பெரிய மண்டபங்களில் நீல நிறத்தில் வட்டமான 32 ஆம்பியர் பிளக் கொடுப்பார்கள். அதிலிருந்து வரும் மின்சாரத்தை என் பெட்டி பல லைனாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் பிரேக்கர். போன மாதம் மழையில் கீபோர்டுக்காரரின் அடாப்டர் நனைந்துவிட்டது. அவருடைய லைன் மட்டும் பட்டென்று அணைந்தது, பாடகரின் மைக் அப்படியே பாடிக்கொண்டிருந்தது. ஒரே பிரேக்கரில் எல்லாவற்றையும் போட்டிருந்தால் மொத்த மேடையும் ஊமையாகியிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1972-இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், மேடையில் மைக்கைத் தொட்ட நிமிடத்தில் ஷாக் அடித்து இறந்துபோனார். எர்த் சரியில்லை. எங்கள் வகுப்பில் இதைப் படித்த அன்று நம் ஊர் முளைப்பாரித் திருவிழாதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஈரத் தரை, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து மைக்கைப் பிடிக்கும் பூசாரி, பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர். ஆம்ப்ளிபயரில் ஹம் என்கிற அந்த 'ம்ம்ம்' இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் நம் தொழிலில் எல்லோரிடமும் இருக்கிறது. ஹம் போய்விடும், ஆனால் ஆளைக் காப்பாற்றும் ஒரே கம்பியும் சேர்ந்து போய்விடும். இங்கே அதற்கு டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் சிக்னல் ஒயரின் எர்த் மட்டும் விலகும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஹம் நின்றுவிடும்.

அப்பா, இந்தச் சித்திரைக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இது. மதுரையில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் நான் மேலே சொன்ன மாதிரி கசிந்தால் அணைந்துவிடும் பிரேக்கரை, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள், ஈ.எல்.சி.பி. என்றாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, அந்த எர்த்தை மண்ணில் அடித்த கம்பியோடு இணைத்தால்தான் கசிவை அது கண்டுபிடிக்கும். நியூட்ரல் தொங்கலில் இருந்தால் பெட்டி சும்மா அழகுக்கு இருக்கும். நீங்களும் தம்பியும் கை வைக்காதீர்கள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். பணம் நான் அனுப்புகிறேன்.

அடுத்த செலவு கேபிள். கிடங்கில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது கேபிள் சுற்றுவதைத்தான். நாம் முழங்கையில் மாட்டி ஒரே பக்கமாகச் சுற்றுவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே கம்பி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும், நாளாக ஆக உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். இங்கே ஒரு வளையம் சாதாரணமாக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. முதல் முறுக்கை இரண்டாவது முறுக்கு எடுத்துவிடுகிறது. ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கலே இல்லாமல் மேடை முழுக்கப் பாய்ந்து விரியும். பார்க்கவே அவ்வளவு அழகு. தம்பிக்கு வீடியோ காலில் காட்டுகிறேன். நீளத்துக்கு ஒரு கலர் டேப், சோதித்த தேதியோடு ஒரு ஸ்டிக்கர், எல்லா ஒயரிலும் ஒட்டியிருக்கிறேன். ஸ்டிக்கரைப் பார்க்காமல் பல மண்டபங்களில் பிளக்கைச் சொருகவே விடமாட்டார்கள்.

மிக்சர், பெஹ்ரிங்கர் எக்ஸ்32 ராக். பழசு, ஆனால் நல்ல நிலையில் கிடைத்தது. அதில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு சுவிட்ச், அதாவது பேடர், ஒன்றுகூடக் கிடையாது, பதினாறு மைக்கைச் சொருகும் பெட்டி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் டேப்லெட்டிலேயே நகர்த்துகிறேன். நீங்கள் மேடை ஓரத்தில் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரிசையில் கேட்கிறதா என்று ஆள் அனுப்பிக் கேட்பீர்களே, நான் அந்தக் கடைசி வரிசையிலேயே நின்று சரி செய்கிறேன்.

தை மாதம் இங்குள்ள தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் பொங்கல் விழா வைத்தார்கள். பரதநாட்டியம், பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் நேரடியாக. அரங்கம் கூடைப்பந்து ஆடுகிற இடம், நாலு பக்கமும் சுவர், மேலே தகரம். கை தட்டினால் சத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு கூடாது, இரைச்சல்தான் கூடும். டாப் பெட்டிகளை உயரத்தில் ஏற்றி, முகத்தைக் கீழே ஜனங்கள் பக்கம் சாய்த்தேன். பின்சுவரில் படுகிற சத்தம் குறைந்தது. பதினைந்து மீட்டர் தள்ளி இரண்டு சின்னப் பெட்டிகள். சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். ஆகவே மேடைச் சத்தம் அந்த இடத்துக்கு வந்துசேர 44 மில்லி செகண்ட். சின்னப் பெட்டிகளையும் அதே அளவு தாமதப்படுத்தி, அதற்கு மேல் இன்னொரு பத்து சேர்த்தேன். முதலில் வரும் சத்தத்தின் திசையைத்தான் காது நம்பும். பின்னால் இருந்தவர்களுக்குப் பக்கத்துப் பெட்டியில் வார்த்தை தெளிவாகக் கேட்டது, ஆனால் பாடுகிற அம்மா மேடையிலிருந்து பாடுவதாகவே தோன்றியது. நட்டுவாங்கத் தாளத்துக்கு மைக்கே வைக்கவில்லை, அது பாடகரின் மைக்கிலேயே வேண்டிய அளவுக்கு விழுந்துவிடுகிறது. மிருதங்கத்துக்கு இரண்டு மைக். தொப்பிப் பக்கத்தின் அந்த "தொம்" சப்பில் இறங்கியபோது முன்வரிசையில் ஒரு தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வேலைக்கு வந்ததன் முழுச் சந்தோஷமும் எனக்கு அந்த நிமிடம் கிடைத்தது.

நம் ஊரில் கோயில் பனைமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், ரோட்டு முனையில் ஒரு குழாய் கட்டுவோமே, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவில் நிற்பவருக்குப் பரவாயில்லை, ஆனால் ஒரு குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மற்றதன் சத்தம் கால் செகண்டுக்கு மேல் தாமதமாக வருகிறது. வார்த்தைமேல் வார்த்தை ஏறி அறிவிப்பு புரியாமல் போகிறது. அடுத்த தடவை இரண்டையும் ஒரே மரத்தில், முதுகோடு முதுகாகக் கட்டிப் பாருங்கள்.

வாட்ஸ் கேட்டீர்கள். வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் மூன்று டெசிபெல்தான் கூடும், காதுக்கு வித்தியாசம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் காசை அங்கே கொட்டுவதில் அர்த்தமில்லை. குழாயை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். சொற்ப வாட்ஸில் மனிதக் குரலை அத்தனை தூரம் கொண்டுபோக அதைவிடச் சிக்கனமான பொருள் கிடையாது. என் புதுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் கீச்சென்ற மேல் ஸ்தாயிச் சத்தத்துக்கு உள்ளே இருப்பதும் ஒரு குழாயும், அதற்குச் சத்தம் கொடுக்கும் ஒரு யூனிட்டும்தான்.

இங்கே சேப்பல்டவுன் என்று ஒரு பகுதி, கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய. 1967-லிருந்து ஆகஸ்டில் அவர்கள் கார்னிவல் நடத்துகிறார்கள். ஐம்பதுகளில் வந்த ஜமைக்காக்காரர்களைக் கிளப்புகள் பலவற்றில் உள்ளே சேர்க்கவில்லை. அவர்கள் தாங்களே பலகை அறுத்து, ஆள் உயரப் பெட்டி செய்து, வீட்டு நிலவறைகளில் பாட்டு போட்டார்கள். அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். செட்டுக்குப் பேர் வைத்திருக்கிறார், பெட்டியில் பெயின்டில் எழுதியிருக்கிறார். ஊரில் விசேஷம் என்றால் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஆம்ப்ளிபயர் போட்டோவைக் காட்டினேன். பத்து நிமிடம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். உங்களை ஒருநாள் பார்க்க வேண்டுமாம்.

இன்னொன்று. இங்கே 2008-லிருந்து இசைத் தொழிலாளர்களுக்கும் சத்தச் சட்டம் உண்டு. நாள் முழுக்கச் சராசரி 85 டெசிபெலைத் தொட்டால் முதலாளி காதுக்குப் பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும். நானும் காதுச் செருகி இல்லாமல் வேலை செய்வதில்லை. போனை நீங்கள் எப்போதும் இடது காதுக்கே கொண்டுபோகிறீர்கள். வலது பக்கம் கூப்பிட்டால் அம்மா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. போன காது திரும்பாது அப்பா, இருப்பதையாவது காப்பாற்றலாம். ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். தம்பி கூடப் போகட்டும், அவனும் சோதித்துக்கொள்ளட்டும். இரண்டு பேருக்கும் செருகி பார்சலில் வருகிறது, கூடவே ஒரு டி.ஐ. பாக்ஸும் வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் வந்து போனதும் எர்த் கம்பி அடித்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு செலவு என்றும் எழுதுங்கள். அம்மாவிடம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்