மூத்த மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா நல்ல சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமா இருக்க மாரியம்மா துணை. தம்பி போன்ல கூப்பிட்டா "வேலையா இருக்கேம்மா"ன்னு வச்சிர்ற. கடிதம்னா முழுசா வாசிப்பன்னு எழுதுறேன்.

இங்க ஒரே மழை. தம்பி பொண்டாட்டிக்குக் தேயிலைக் கொழுந்து கிலோ பரவாயில்லாம விழுது. இஸ்தோப்புக் கூரை ஒழுகுது. அதெல்லாம் இருக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

தீவாளிக்கு வந்திருந்தப்ப, விடியுறதுக்கு முன்னாடி தண்ணிப் பீலியடியில நீ பெட்ஷீட் அலசிக்கிட்டு இருந்த. டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, அந்தக் குளிர்ல. கேட்டதுக்கு "சின்னவ தண்ணி ஊத்திட்டா"ன்ன. சின்னவளுக்கு 14 வயசு. நான் ஒண்ணும் சொல்லல. கோயில் படியில நாலு எட்டுக்கு ஒருக்கா நின்னு மூச்சு வாங்கின. கண் ரெப்பைய இழுத்துப் பார்க்கணும்னு கை வந்துச்சு, அத்தன பேர் முன்னால வேணாம்னு விட்டுட்டேன்.

மிட்வைஃப் மிஸ்கிட்ட, தெரிஞ்ச ஒரு பிள்ளைக்குன்னு சொல்லி விசாரிச்சேன். 45 வயச ஒட்டி தீட்டு முன்னப் பின்ன வருமாம், உடம்பு திடீர்னு கொதிக்குமாம், ராவுல தூக்கம் வராதாம். அது நிக்கப்போற காலம். ஆனா கட்டி கட்டியாப் போறதையும், ஏழு நாளைக்கு மேல போறதையும் வயசுக் கோளாறுன்னு விடக் கூடாதாம். கர்ப்பப்பையில சதைக்கட்டி இருந்தாலும் அப்பிடிப் போகுமாம். ரத்தம் கொறஞ்சா மூச்சு வாங்குமாம். ஒரு வருஷம் முழுசா நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டணுமாம்.

சுகவனிதையர் கிளினிக்குன்னு ஒண்ணு 1996ல இருந்தே நடக்குது. 35 வயசுலயும் 45 வயசுலயும் கட்டாயம் போகச் சொல்றாங்க. பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பார்த்து, கர்ப்பப்பை வாசல்ல தடவி எடுத்து சோதிப்பாங்க. காசு இல்ல. "போனா மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க"ன்னு தோட்ட லயத்துல பேசுறத நம்பாத. அங்க போற நிலைமை வராம இருக்கத்தான் அந்த டெஸ்ட். புற்றுநோயா மாறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். ஆனா ரத்தம் அதிகமாப் போகுதுன்னா கிளினிக் நாள் பார்த்துக்கிட்டு இருக்காத, நேரா டொக்டர்கிட்ட போய்ச் சொல்லு.

எங்க காலத்துல கிளினிக் போனா அரைப்பேர், அதான் அரைநாள் சம்பளம், போயிரும். பெரியம்மா அப்பிடித்தான் வாய் தொறக்காம இருந்தா. அந்தக் கத உனக்கு நான் சொல்ல வேணாம். நீ அப்பிடியா? நம்ம லயத்துல ஏ.எல். படிப்பு வரைக்கும் போன மொத பொண்ணு நீதான். எத்தன பேருக்கு ஃபோர்ம் நிரப்பிக் குடுத்திருப்ப! சேமலாபக் காசு எடுக்க, ஐடென்டி கார்ட் எடுக்க எல்லாரும் உன்கிட்டதான் வந்தாங்க. இன்னைக்கும் உன் பேரச் சொன்னா எனக்குக் கண்ணு கலங்கும். தனக்குன்னு ஒரு கிளினிக் துண்டு எடுக்க மட்டும் ஏன் தள்ளிப் போடுற? கோவத்துல கேக்கல, இல்ல, கோவமும் இருக்கு.

சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்காத. சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த அது ஒடம்புல சேர விடாதாம். ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடி. கீரையில தேசிக்காய் பிழி. நெத்தலிய முள்ளோட சாப்பிடு. தீட்டு நின்னா எலும்பு வேகமாத் தேயும், என் மணிக்கட்ட நீ பார்த்திருக்க. வெத்தில பாக்கு பழகாத. நேரத்துக்குச் சாப்பிடு.

மருமகன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தா நான் சொல்றேன். லீவு தரமாட்டேங்கிறாங்கன்னா சொல்லு, நான் அட்டன்ல பஸ் ஏறி வாரேன், கூடவே வந்து உக்காந்திருக்கேன். டொக்டர்கிட்ட போகாம இருக்காத.

கடிதம் கெடச்ச அன்னைக்கே கோல் எடு. தம்பி போனுக்கு வேணாம், எல்லாரும் சுத்தி நிப்பாங்க. அடுத்த காம்பரா அக்கா போனுக்கு, ராவு எட்டு மணிக்கு மேல. நான் அங்க இருப்பேன்.

அம்மா