களிம்பு எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது

அன்புள்ள தம்பி,

தோல் மருத்துவராகப் பணியைத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு, அரிதாகவே எதிர்ப்படும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். சினைப்பை, கருப்பை, கருப்பைவாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளும், நிணநீர்க் கணுக்களிலும், நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளிலும்தான் பரவுகிறது. தோலுக்கு வந்து சேர்வது நூற்றில் ஒரு சிலரிடம் மட்டுமே என்பதால், அது நம் நினைவுக்கே வருவதில்லை.

அதன் தோற்றமும் ஏமாற்றக்கூடியது. கெட்டியான, பெரும்பாலும் வலியில்லாத முடிச்சுகளாக அடிவயிற்றிலோ தொடையிலோ வரலாம். அறுவைத் தழும்பிலோ, லேப்ராஸ்கோப்பிக் (சிறுதுளை அறுவை) கருவி நுழைந்த துளையிலோ முளைத்து, கீலாய்டு (மிகையாகத் தடித்து வளர்ந்த தழும்பு) என்று நம்மை எண்ண வைக்கலாம். சிலரிடம் தோலின் நிணநீர்க் குழாய்களில் புற்றணுக்கள் அடைத்துக்கொண்டு, கிருமித்தொற்றைப் போலவே சிவந்து தடித்துப் பரவும். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத அத்தகைய சிவப்புக்கு, பயாப்சி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யாமல் அடுத்த ஆன்டிபயாட்டிக்கை எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

தொப்புளில் வரும் கட்டியைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு அறுவை அரங்கில் உதவிய அருட்சகோதரி மேரி ஜோசப், தொப்புளில் முடிச்சு உள்ளவர்களின் வயிற்றுக்குள் முற்றிய புற்றுநோய் இருப்பதைக் கவனித்தார். மேயோ 1928இல் அதைப் பற்றி எழுதினார். 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அந்த முடிச்சுக்குச் சகோதரியின் பெயரையே சூட்டினார். (புகழ்பெற்ற அறுவை மருத்துவருக்கு முன்பே அவருடைய உதவியாளரின் கண்ணில் பட்டதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.) பெண்களிடம் இந்த முடிச்சுக்கு மூலமாக இருப்பது பல நேரங்களில் சினைப்பைதான். நோயின் முதல் அறிகுறியே இதுவாகவும் இருக்கலாம் என்பதால், குடலிறக்கம் என்றோ எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரி போன்ற திசு வேறிடத்தில் வளர்வது) என்றோ பார்வையிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள்.

தோலுக்காக வந்த பெண், பல ஆண்டுகளுக்கு முன் கருப்பையை எடுத்ததைத் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், எதற்காக எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து. பயாப்சி படிவத்தில் அந்த வரலாற்றை எழுதி, கிடைத்தால் பழைய அறுவையின் திசு ஸ்லைடுகளையும் அனுப்பினால், நோயியல் மருத்துவர் இரண்டையும் ஒப்பிட்டு, பாக்ஸ்-8 என்னும் புரதத்தைக் காட்டுவது போன்ற சாயச் சோதனைகளையும் செய்து மூலத்தை உறுதிப்படுத்த முயல்வார்.

உறுதியானால், பெரும்பாலும் நோய் வேறிடங்களிலும் பரவியிருக்கும். ஆகவே கட்டியை மட்டும் வெட்டியெடுப்பது போதாது, புற்றுநோய் மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்புங்கள். அதன் பிறகும் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. புண்ணாகிக் கசியும் கட்டியின் நாற்றத்தால் நோயாளி தம் வீட்டாரின் அருகில்கூட அமரத் தயங்குவார். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை மேற்பூச்சாகத் தந்து அதைக் குறைக்கலாம், கட்டு மாற்றும்போது வலிக்காமலும் இரத்தம் கசியாமலும் இருக்க, ஒட்டாத கட்டுத்துணியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகப் பணியாளர்