புனேயில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அயனாவரத்தில் நானும் அம்மாவும் நலம். அக்கா போன வாரம் குழந்தையோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். இன்னும் வீட்டுச் செய்திகள் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனம் ஒரே இடத்தில் நிற்கிறது.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் கழுத்தில் செயின் இல்லை. கொக்கி விட்டுப்போனதால் கடையில் கொடுத்திருப்பதாகச் சொன்னாய், அம்மா நம்பிவிட்டாள். சாப்பிடும்போது போனை இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாய். அது அதிர்ந்த ஒவ்வொரு முறையும் பிசைந்த சோற்றில் உன் கை அப்படியே நின்றது. தீபாவளிக்கு முன் 40,000 ரூபாய், கார்த்திகையில் 25,000 ரூபாய் கேட்டாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. பணியில் பெரும்பகுதியைக் காவல் நிலையத்தில் புகார்களையும் வழக்குப் பதிவேடுகளையும் எழுதும் ரைட்டராக உட்கார்ந்து கழித்தவன் என்ற முறையில், தெரிந்த சட்டத்தை மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தேவைப்படாவிட்டால் மிகவும் நல்லது, நண்பர்கள் யாருக்காவது பயன்படட்டும்.

ஒருவரைப் பயமுறுத்திப் பணம் பறிப்பது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். பயமுறுத்துவது என்றால் கத்தியைக் காட்டுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் தரும் முதல் உதாரணமே, பணம் கொடுக்காவிட்டால் உன்னைப் பற்றி அவதூறாக வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டுவதுதான். உடம்புக்கு வரும் தீங்கைப் போலவே மானத்துக்கு வரும் தீங்கையும் சட்டம் தீங்கு என்றே கணக்கில் எடுக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 308ஆம் பிரிவு. முன்பு 3 ஆண்டு வரை இருந்த தண்டனையை இப்போது 7 ஆண்டு வரை உயர்த்தியிருக்கிறார்கள். பணம் கைமாறாவிட்டாலும் பறிக்கும் நோக்கத்தோடு பயமுறுத்தியதற்கே 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆகவே, குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதற்காக யாரும் இன்னொரு தவணை கட்டத் தேவையில்லை. தயவுசெய்து இந்த வரியை இரண்டு முறை படி. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளும் சேரும்.

விசாரணையில் புகார் கொடுப்பவர்கள் எங்கே தவறு செய்கிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவார்கள். எதையும் அழிக்கக் கூடாது. வந்த செய்திகள், எண், கணக்கின் முகவரி, தேதி, நேரம், பணம் அனுப்பியிருந்தால் யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் ஆகிய அனைத்தும் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலப் பதிவு போனில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். மிரட்டுகிறவன் பெயரை மாற்றலாம், எண்ணை மாற்றலாம், ஆனால் பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் விழுந்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் புலனாய்வு அதிகாரி நகர்வார். கணக்கு யாரோ ஓர் ஏழையின் பெயரில் வாடகைக்கு எடுத்ததாக இருந்தாலும், அதை இயக்கிய போனும் பணம் எடுத்த இடமும் தடயம் விட்டிருக்கும்.

எங்கே புகார் கொடுப்பது என்று மலைக்க வேண்டாம். சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும், நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். பணம் கொடுக்காதே, எதையும் அழிக்காதே என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். ஒருமுறை பணம் கொடுத்தவனை மிரட்டுகிறவர்கள் ஒருபோதும் விடமாட்டார்கள். சின்ன மாமா விஷயத்தில் எல்லோரும் மூடி மறைத்ததன் பலனை நீயே பார்த்தாய். நம் குடும்பத்தில் முதலில் இன்ஜினியர் ஆனவன் நீ, உன் படிப்பைப் பற்றி நான் பேசாத ஆளில்லை. அவ்வளவு படித்தவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வருத்தமாகவும் இருக்கிறது.

ஆனால் அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியில் இருந்த ஒரு நிலையத்துக்கு 22 வயதுப் பையன் ஒருவன் சாயங்காலம் தனியாக வந்தான். யாரோ மிரட்டுகிறார்கள் என்று மட்டும் சொன்னான். கையில் நான்காக மடித்த காகிதம் இருந்தது, வியர்வையில் அதன் ஓரம் ஊறிப் போயிருந்தது. "அப்பாவுக்குத் தெரியாமல் புகார் கொடுக்க முடியுமா சார்?" என்று கேட்டான். வயது வந்தவன் புகார் கொடுக்க அப்பன் தேவையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, மானம் மரியாதை உள்ள குடும்பமாகத் தெரிகிறது" என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். அந்தக் காகிதத்தை அவன் என்னிடம் கொடுக்கவுமில்லை, திரும்பி வரவுமில்லை. என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவும் இல்லை. பொங்கலன்று உன் கை சோற்றில் நின்றபோது அவன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்று நான் அன்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட அப்பா என்று இப்போது இரவெல்லாம் யோசிக்கிறேன். பிளஸ் ஒன்னில் நீ மார்க் ஷீட்டில் என் கையெழுத்தைப் போட்டதற்கு நான் பெல்ட்டை எடுத்தது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

எனவே நீ என்னிடம் எதையும் விளக்க வேண்டாம். அங்கேயே புகார் கொடுப்பதானால் எனக்குத் தெரியாமலே கொடுக்கலாம். இங்கே வந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு உன்னோடு வருவேன், நீ உள்ளே பேசும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். செயினைப் பற்றி அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒரு போன் போடு. இரவு எந்த நேரமானாலும் பரவாயில்லை, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா